சுவரும் பெட்டியும்

கடலோர விமான நிலையம் ஒன்றில், விமானிகள் புறப்படுமுன் கூடும் அறையின் சுவரில், ஒரு காலத்தில் நாற்பத்திரண்டு தொப்பிகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆணி. ஒவ்வோர் ஆணிக்கும் ஓர் எண். முதலில் வேலைக்குச் சேர்ந்த தொப்பிக்கு முதல் ஆணி. கடைசியாகச் சேர்ந்ததற்குக் கடைசி ஆணி. காலை விமானம் யாருக்கு, தீபாவளியன்று வீட்டில் இருப்பவர் யார், சன்னலோரக் காற்று யாருக்கு என்பதையெல்லாம் அந்த எண்ணே முடிவுசெய்தது. சிபாரிசோ முகஸ்துதியோ அங்கே எடுபடவில்லை. ஆகவே, தொப்பிகள் அந்த வரிசையைவிட நியாயமான ஒன்று உலகில் இருக்க முடியாது என்று நம்பின.

அவற்றைக் காத்தவை இரண்டு. ஒன்று, சுவரின் சட்டம்: இந்தச் சுவரில் தொங்காத தொப்பி எதுவும் இந்த நிறுவனத்தின் விமானத்தில் ஏறக்கூடாது. மற்றொன்று, மூலையில் இருந்த தேக்குப் பெட்டி. பறந்து முடித்த தொப்பிகள் அதற்குள் மெத்தையின்மேல் இளைப்பாறின. மாதம் ஒருமுறை, சுவரில் இருந்த ஒவ்வொரு தொப்பியும் தன் உட்புற லைனிங் துணியிலிருந்து ஒரு நூலை உருவிப் பெட்டிக்குள் இடும். அந்த நூல்களே மெத்தை. முதியவர்கள் படுத்துப் படுத்து அது நைந்துபோகும். புது நூல் வந்து நிரப்பும்.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை எழுதப்படும் ஒப்பந்தம் முடியும் வேளையில், நிறுவனத்தின் பேனா அறைக்கு வந்தது. பொன்முலாம் பூசிய மூடியும் தாழ்ந்த குரலும் கொண்ட பேனா.

“உட்காருங்க, எல்லாரும் உட்காருங்க,” என்றது.

“நாங்க தொங்கிட்டுத்தான் சார் இருக்கோம்,” என்றாள் நாற்பத்தோராம் ஆணியில் இருந்த நிலோஃபர். கீழ்வரிசை சிரித்தது. பேனாவும் சிரித்துவைத்தது.

“கம்பெனிக்கு மூச்சு வாங்குது. சுவர்ச் சட்டம், பெட்டி, ரெண்டையும் இனிமே சுமக்க முடியாது. ஒண்ணை வெச்சுக்கங்க, ஒண்ணை விட்டுடுங்க. எதை விடணும்னு நான் சொல்ல மாட்டேன். அந்த உரிமை உங்களோடது.”

“ரெண்டையும் விட மாட்டோம்னு சொன்னா?” என்று கேட்டார் இரண்டாம் ஆணியில் இருந்த ஜெபமணி.

“அப்புறம் பறக்கறதுக்கு விமானமே இருக்காது, கேப்டன். மூணு நாள் தர்றேன்.”

“சட்டத்தை விட்டா என்ன ஆகும்?”

“பெரிசா ஒண்ணும் ஆகாது. எதிர் அறையில இன்னொரு சுவர் வரும். வேற பேர்ல ஒரு சின்னக் கம்பெனி. சில விமானங்கள் அங்க போகும்,” என்றது பேனா, ஏதோ சன்னலுக்குத் திரை மாற்றப்போவதைப் போல.

நிறுவனத்தோடு பேசும் உரிமையும் ஆணி எண்ணின்படியே இருந்தது: முதல் மூவர். முதலாமவர் தணிகாசலம். பெட்டிக்குள் செல்ல அவருக்குப் பதினொரு மாதங்களே இருந்தன. ஜெபமணிக்கு இரண்டு ஆண்டுகள். மூன்றாமவரான கஸ்தூரிரங்கன், மின்விசிறிக் காற்றடித்தாலும் ஆமோதிப்பதுபோல் ஆடுபவர்.

தணிகாசலம் கெட்டவர் அல்லர். ஆனால், அவர் ஒருமுறை ஒரு காட்சியைக் கண்டிருந்தார். மூடிப்போன வேறொரு நிறுவனத்தின் தொப்பி, பொன்பட்டைகளுடன், பேருந்து நிலையத்தில் சுண்டல் சட்டியின்மேல் ஈ மொய்க்காமல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அன்றுமுதல், தனக்கென்று பெட்டி இருக்கிறது என்று நினைத்தால்தான் அவருக்கு அச்சம் தணிந்தது.

இரண்டாம் நாள் காலையில் நிலோஃபர் அவரிடம் பேசினாள்.

“சார், சட்டம் போனா கீழ இருக்கற இருபது பேரும் போயிடுவோம். உங்களுக்குத் தெரியாததா?”

“அப்படி ஒரேயடியா முடிவு கட்டக் கூடாதும்மா.”

“சரி, எங்களை விடுங்க. நாங்க போயிட்டா பெட்டிக்குள்ள யார் நூல் போடுவாங்க?”

“முப்பத்தோரு வருஷமா நான் போட்ட நூல் உள்ளதானே இருக்கு? அது எங்க போயிடும்?”

“அது இப்போ இல்ல சார். உங்களுக்கு முன்னால போனவங்க அதுமேலதான் படுத்தாங்க. அது நைஞ்சு தூசியாயிடுச்சு. நீங்க படுக்கப்போறது எங்க நூல்மேல.”

ஜெபமணிக்குக் கோபம் வந்தது. “நாற்பத்தொண்ணெல்லாம் கணக்குப் பாடம் நடத்துது! நான் நாற்பத்தொண்ணா இருந்தப்ப வாயைத் திறந்ததே இல்ல.”

“அப்போ உங்களை யாரும் விக்கலையே, சார்.”

கஸ்தூரிரங்கன்கூட ஆடாமல் நின்றார்.

“எல்லாரையும் கேளுங்க, அவ்வளவுதான். நாற்பத்திரண்டு பேர், ஆளுக்கொரு ஓட்டு. தோத்தா நான் பேசாம இறங்கிப் போயிடறேன்,” என்றாள் நிலோஃபர்.

“ஓட்டா?” என்றார் தணிகாசலம். அவர் குரலில் சினம் இல்லை; உண்மையான திகைப்பே இருந்தது. “எனக்கும் கடைசியா வந்தவனுக்கும் ஒரே ஓட்டுன்னா, அப்புறம் ஆணிக்கு எண் எதுக்கும்மா?”

சொல்லி வருந்த வேண்டியது இன்னொன்றும் உண்டு. நடுவரிசைத் தொப்பிகள் அப்போது வாய் திறக்கவில்லை. தங்களுக்குக் கீழே இருபது பேர் இருக்கும்வரை ஆபத்து தங்களை எட்டாது என்று அவை ஆணிகளை எண்ணி வைத்திருந்தன.

மூன்றாம் நாள் பெட்டி தேர்ந்தெடுக்கப்பட்டது. பேனா மிக அழகான கையெழுத்தில் எழுதியது: ‘பெட்டி என்றும் இருக்கும்.’ பிறகு சுவரின் சட்டத்தை ஒரே கோட்டில் அடித்தது.

எதிர் அறையில் புதுச் சுவர் எழுந்தது. அதே விமானங்கள் வேறு பெயர் பூசிக்கொண்டு அங்கே சென்றன. இங்கே தொப்பிகள் கீழிருந்து கழற்றப்பட்டன. முதலில் நாற்பத்திரண்டு, அடுத்து நாற்பத்தொன்று.

“எனக்கு மனசே சரியில்லம்மா,” என்றார் தணிகாசலம்.

“எதிர்ச் சுவர்ல என் விமானத்துக்கு வந்திருக்கற தொப்பிய விசாரிச்சேன், சார். பாவம், நல்ல பையன். மாசம் ஒரு நூல் போடுவியாப்பான்னு கேட்டேன்,” என்றாள் நிலோஃபர். “உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். அவங்களுக்கெல்லாம் லைனிங்கே வெச்சுத் தைக்கலையாம்.”

அவளை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு எடுத்துச் சென்றார்கள்.

இருபதோடு நிற்கவில்லை. ஆறாம் மாதத்தில் நடுவரிசை கழற்றப்பட்டது. எட்டாம் மாதத்தில் சுவரில் ஒன்பது தொப்பிகள் மட்டுமே இருந்தன. ஜெபமணி பேனாவிடம் சென்றார்.

“மெத்தைக்கு நூல் வர்றதில்லைங்க. நீங்க வாக்குக் கொடுத்தீங்களே.”

“ஒப்பந்தத்தைப் படிச்சீங்களா கேப்டன்? பெட்டி இருக்கும்னு எழுதினேன். இருக்கா, இல்லையா?” பேனாவுக்கு உண்மையிலேயே மனம் புண்பட்டதுபோல் இருந்தது. “போன வாரம்கூட நான்தான் அதுக்கு வார்னிஷ் அடிக்கச் சொன்னேன்.”

பதினோராம் மாதம் முடிந்த அன்று தணிகாசலத்துக்கு ஒரு விழா நடந்தது. சந்தனம் தெளித்தார்கள். பேனா அவரது முப்பத்திரண்டு ஆண்டு உழைப்பைப் புகழ்ந்து பேசியது. பிறகு பளபளத்த பெட்டியின் மூடியைத் திறந்து, அவரை மெதுவாக உள்ளே வைத்தார்கள்.

அடியில் மெத்தை இல்லை, பலகை தட்டுப்பட்டது. இருட்டில் அவருக்குப் பழக்கமான தொப்பிகள் தெரிந்தன. அவர் சேர்ந்த நாட்களில் அவருக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தவர்கள். பட்டைகள் கறுத்து, ஓரங்கள் அரிக்கப்பட்டு, பலகையின் குளிரில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒண்டியிருந்தார்கள்.

“வாங்க தணிகாசலம், வாங்க,” என்றது ஒரு குரல்.

“நல்லவேளை வந்தீங்க,” என்றது இன்னொன்று, இன்னும் அருகில்.

அவர் வணக்கம் சொல்ல முயல்வதற்குள், எல்லாப் பக்கமிருந்தும் அவர்கள் அவரை நெருங்கி, கவிழ்த்து, உட்புறத்தைத் தடவிப் பார்த்தார்கள்.

“இவருக்கு லைனிங் இன்னும் கெட்டியா இருக்கே,” என்றது முதல் குரல்.

மேலே மூடி விழுந்தது.