தோலைக் காட்டினால் கூடை

காட்டுத்தீயில் அந்தக் காட்டுப் பலா மரங்கள் எல்லாமே கருகிப்போயின. பழம் இல்லாத காட்டில் யார் இருப்பார்கள்? பறவைகள் ஒவ்வொன்றாகப் பக்கத்து மலைக்குக் கிளம்பின.

புலி ராஜாவுக்கு மனசு கேட்கவில்லை. வெளியிலிருந்து பலாக்கொட்டைகளை வரவழைத்துக் குகை நிறையக் குவித்தார். "ஆளுக்கு ஒவ்வொரு கூடையாகக் கொடுத்துக்கிட்டே இரு. பசிக்குக் கொஞ்சம் தின்னட்டும், மீதியை நடட்டும். காடு மறுபடி எழுந்திருக்கணும்" என்று கருங்குரங்காரிடம் பொறுப்பை ஒப்படைத்தார்.

குரங்காருக்குத் திருட்டுப் புத்தியெல்லாம் கிடையாது. ஆனால் எதற்கும் அத்தாட்சி வேண்டும். கொட்டையைப் பயன்படுத்தியதற்கு அடையாளமாகத் தோலைக் கொண்டுவந்து காட்டினால்தான் அடுத்த கூடை என்று சொல்லிவிட்டார்.

காட்டுப்பன்றி முதலில் நடத்தான் நினைத்தது. நட்டால் தோல் ஏது? உட்கார்ந்து தின்றது. தோலைக் காட்டிக் கூடை கூடையாக வாங்கியது. அதைப் பார்த்து மற்றவர்களும் அப்படியே செய்தார்கள்.

அணிலம்மா மட்டும் குட்டிகளுக்கு நாலு கொட்டை கொடுத்துவிட்டு, மீதியை ஓடைக்கரையில் அங்கங்கே புதைத்தாள். அவள் வழக்கம் அது. அடுத்த கூடைக்கு வந்தபோது குரங்கார் தோல் எங்கே என்றார். புதைத்துவிட்டேன் என்றாள். அப்படியானால் தோண்டிக் காட்டு என்றார். பாவம், புதைத்த இடத்தை மறப்பதும் அவள் வழக்கம்தான்! அங்கே இங்கே பிறாண்டினாள். ஒன்றும் அகப்படவில்லை.

"அத்தாட்சி இல்லை. கூடையும் இல்லை" என்று குரங்கார் கையை விரித்துவிட்டார்.

குட்டிகள் பசியில் அழுதன. பெற்றவள் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பாள்? அழுதுகொண்டே அவற்றைக் கூட்டிக்கொண்டு அவளும் பக்கத்து மலைக்குப் போய்விட்டாள்.

மழை வந்தது. காடு பார்க்க ராஜா புறப்பட்டார். குரங்கார் பெருமையாக, மலைபோல் கிடந்த தோலைக் காட்டினார். சுற்றிலும் ஒரு துளிர்கூட இல்லை. ராஜா மேலே நடந்தார். ஓடைக்கரைக்கு வந்ததும் நின்றுவிட்டார். கரை நெடுக இளம் பலாக்கன்றுகள்.

"இதை யார் நட்டது?"

குரங்காருக்கு எல்லாம் புரிந்துபோனது. தலையைக் குனிந்துகொண்டு நடந்ததைச் சொன்னார்.

"உடனே போய் அவளைக் கூட்டிட்டு வா. இனி எல்லாக் கூடையும் அவளுக்குத்தான்."

குரங்கார் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

"குகையில ஒரு கொட்டைகூட இல்லை, ராஜா."

எவ்வளவு தீர்ந்தது என்று பார்த்துக் கொடுக்கிற உதவி தின்றவனிடமே திரும்பத் திரும்பப் போகும். என்ன முளைத்தது என்று பார்த்துக் கொடுத்தால்தான் ஊர் பிழைக்கும்.