இன்னொரு கிடார்காரன்

திருச்சி பொன்மலையில் மூடிக்கிடந்த ஒரு சினிமா கொட்டகையை, தன் குழுவின் பாட்டுகளைப் பதிவு செய்ய எஸ்தர் வாடகைக்குப் பிடித்திருந்தார். டிரம்ஸ் அடித்தால் சுவர் அதிர வேண்டும், அந்த அதிர்வும் டேப்பில் ஏற வேண்டும் என்பது அவர் பிடிவாதம். ஹார்ட் ராக் ஆல்பம் அல்லவா, பஞ்சு ஒட்டிய சின்ன ஸ்டுடியோ அறையில் மூச்சு முட்டிச் செத்துப்போகும் என்பார். பெண்ணாக இருந்தாலும் குழுவில் எல்லோருக்கும் அவர் ‘மாஸ்டர்’தான். குழுவின் கிடார்காரன் இன்பராஜின் விரலைப் பிடித்து முதன்முதலில் கிடாரில் வைத்தவரும் அவரே.

ஆல்பத்தில் ஒரே ஒரு பாட்டு பாக்கி. அதிலும் இன்பராஜின் கிடார் மட்டும்தான் பாக்கி.

அவன் மேடையில் நின்று வாசிப்பான். மாஸ்டர் மேலே ஆபரேட்டர் அறையில் டேப் மெஷினோடு உட்கார்ந்து, படம் காட்டும் துவாரம் வழியே பார்ப்பார்.

“இன்னொரு தடவை.”

“எங்க மாஸ்டர் தப்பு?”

“தப்பே இல்ல. இன்னொரு தடவை.”

தப்பு இருந்தால் திருத்தலாம். தப்பே இல்லை என்றால் மனுஷன் எதைத் திருத்துவான்? இன்பராஜுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை. பாதியில் கை கழுவிவிட்டுத் திரும்பினான். மாடிப்படியில் கால் வைத்ததும் மேலிருந்து கிடார் கேட்டது. அவன் வாசிக்க வேண்டிய அதே பாட்டு. ஆனால் கிடார் அவனுடையது அல்ல. அவனுடையது தொண்டை திறந்து பாடும். இது கரகரத்தது.

“ஆளு பின்றான் மாஸ்டர்!” என்றது டிரம்ஸ் வாசிக்கும் ஜூலியஸின் குரல்.

இன்பராஜ் கதவைத் தள்ளினான். டேப் நின்றது.

“யாரு வாசிச்சது?”

“கீழ போய் ஸ்ருதி சேர்த்துக்க, வரேன்” என்றார் மாஸ்டர். ஜூலியஸ் கையிலிருந்த குச்சிகளை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

அவ்வளவுதான், இன்பராஜின் தூக்கம் போயிற்று. ஜூலியஸின் மச்சான் ஒருவன் பெங்களூரில் கிடார் வாசிக்கிறான். போன வாரம் கல்யாணத்துக்குத் திருச்சி வந்திருந்தான். கல்யாணத்துக்கு வந்தவன் கல்யாணத்தோடு போனானா? மாஸ்டர் டேப் அலமாரியைப் பூட்டுகிறார். எப்போதும் பூட்டுவாரா, இப்போதுதான் பூட்டுகிறாரா? மேடையில் இடையிடையே அவன் உட்காரும் நாற்காலி அரை அடி தள்ளிக் கிடந்தது. பெருக்கியவர் தள்ளியிருக்கலாம். உட்கார்ந்தவன் தள்ளியிருந்தால்?

வாசிக்கும்போதும் ஒரு கண் துவாரத்தின் மேலேயே இருந்தது. விரல்கள் ஒன்றும் தவறவில்லை. தவறினால் அதையே சாக்காக வைத்து அனுப்பிவிடுவார்களே.

“இன்னொரு தடவை.”

இன்பராஜ் கிடாரைத் தோளிலிருந்து கழற்றினான். படியேறி மேலே வந்தான்.

“நேரடியாவே கேக்கறேன் மாஸ்டர். என் இடத்துல வேற ஆளை வெச்சிட்டீங்களா?”

மாஸ்டர் அலமாரியைத் திறந்து ஒரு டேப்பை எடுத்து மாட்டினார்.

“உக்காரு. இவன் எப்படின்னு நீயே சொல்லு.”

குறை கண்டுபிடிக்கவே இன்பராஜ் உட்கார்ந்தான். கண்டுபிடிக்கவும் செய்தான்.

“ஸ்ருதி சேரல.”

“ம்.”

“ரெண்டாவது வரியில தப்பா விரல் வெக்கறான்.”

“ம்.”

“அதை மறைக்கக்கூட இல்ல. அந்தத் தப்புலயே ஏறி எங்கயோ…” அவன் நிறுத்தினான். டேப் ஓடியது. அறை முழுவதும் அந்தக் கிடார் கும்மாளம் போட்டது. யாரையும் பார்க்காத, யாருக்கும் பயப்படாத கை. இன்பராஜுக்கு வயிறு எரிந்தது. பிறகு எரிச்சலும் அடங்கி, வெறும் துக்கம் மிஞ்சியது.

“இத்தனை வருஷத்துல நான் இப்படி ஒரு நாள் வாசிச்சதில்ல” என்றான். “அவனையே வெச்சுக்குங்க மாஸ்டர். நான் கிளம்பறேன்.”

“முழுசா கேட்டுட்டுப் போ.”

கிடார் சட்டென்று நின்றது. ஒயர் எதுவோ இழுபடும் சத்தம். அதன்பின் டேப்பில் ஒரு குரல்: “டேய் ஜூலியஸ், மைக் வெச்சு முடிச்சியா இல்லியா? எவ்ளோ நேரம்டா சும்மா தட்டிக்கிட்டே இருக்கறது? பசிக்குதுடா!” கூடவே ஒரு சிரிப்பு.

தன் சிரிப்பை இன்பராஜ் அடையாளம் கண்டுகொள்ளச் சற்று நேரம் பிடித்தது.

கொட்டகைக்கு வந்த முதல் நாள். அவன் கிடாரும் ஆம்ப்ளிஃபையரும் ரயில் பார்சலில் மாட்டிக்கொண்டிருந்தன. மைக்கை எங்கே வைப்பது என்று ஜூலியஸ் இடம் பார்த்துக்கொண்டிருக்க, யாரோ கொடுத்த ஓட்டைக் கிடாரைக் கொட்டகையின் பழைய ஸ்பீக்கரில் சொருகி, புதுப் பாட்டை ஏதோ தட்டிக்கொண்டிருந்தான். மைக் வைக்கும்போதே டேப்பை ஓடவிடுவது மாஸ்டரின் வழக்கம். அது அவனுக்கு மறந்தே போயிருந்தது.

“ஏன் மாஸ்டர் என்கிட்ட சொல்லல?”

“சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?”

இன்பராஜ் யோசித்தான். “திரும்பத் திரும்பக் கேட்டு, அதே மாதிரி வாசிச்சிருப்பேன்.”

“ம்.”

வெட்கமாக இருந்தது. ஜூலியஸின் மச்சானை நினைத்து இன்னும் வெட்கமாக இருந்தது.

“அப்போ இதையே ஆல்பத்துல வெச்சிருங்க மாஸ்டர்.”

மாஸ்டர் டேப்பைப் பின்னோக்கிச் சுற்றினார்.

“இதுல பாதிப் பாட்டுதான் இருக்கு இன்பா. மீதிய வாசிக்க நானும் அவனைத்தான் தேடிக்கிட்டிருக்கேன். எங்கயாவது பாத்தா கொஞ்சம் அனுப்பி வை.”