மாதையன் பார்த்த ஆழம்

துறையில் பரிசல் விடுவதுதான் அந்தத் துறவிக்கு வழிபாடு. அவருடைய சீடன் மாதையனுக்கு அதுவே பாடம். மாதையனுக்கு இருபத்திரண்டு வயது.

அன்று காலை ஆற்றில் புதுவெள்ளம். மாமியார் வீட்டுக்குக் கிளம்பி வந்த ஒருவரை மாதையனே திருப்பி அனுப்பினான்.

“மூணு ஆள் ஆழம் ஓடுது. உசுரு முக்கியம், வீட்டுக்குப் போங்க மாமா.”

“புண்ணியவான், நல்ல சாக்கு குடுத்தே,” என்று அவர் சிரித்தபடி திரும்பினார்.

மதியம் அக்கரையிலிருந்து செம்பா போனில் கூப்பிட்டாள். அவன் வயசுக்காரி. வீட்டில் எல்லோரும் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள், நாளைக்குத்தான் வருவார்கள் என்றாள். அதற்குப் பிறகு அவன் உடம்பு அவனிடம் இல்லை. காதுமடல் சுட்டது. தின்ற சோற்றில் உப்பு இருந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் பரிசலை நீரில் தள்ளினான். குரு வந்து நின்றார்.

“தண்ணி எப்படிடா?”

“வடிஞ்சிருச்சு சாமி. இடுப்பளவுதான்.”

“எங்கே, அளந்து காட்டு.”

மூங்கில் கழியை ஊன்றினான். இடுப்பளவில் நின்றது.

“பாருங்க.”

“காலையில எங்க ஊன்றினே?”

சுழி ஓடும் இடத்தைக் காட்டினான்.

“இப்போ?”

மாதையன் குனிந்து பார்த்தான். கழி பாறைமேல் நின்றது. நீருக்குள் முங்கிக் கிடந்த பாறை. தினமும் அவன் துணி துவைப்பது அதன்மேல்தான்.

“சத்தியமா பொய் சொல்லலை சாமி.”

“தெரியும். பொய் சொல்லியிருந்தா நான் பயந்திருக்க மாட்டேன்.”

மாதையன் துடுப்பைக் கீழே வைக்கவில்லை.

“ஓரமாவே துடுப்புப் போட்டா போயிடலாம் சாமி.”

“சுழியைத் தாண்ட ஓரம் ஏது?”

“அவ காத்திருக்கா.”

“இருக்கட்டும். அவ மேல எனக்கென்ன கோபம்? வெள்ளம் வடிஞ்சா நானே கொண்டுபோய் விடறேன்.”

மாதையன் வெகுநேரம் ஆற்றைப் பார்த்தான். எந்த இடமும் ஆழமாகத் தெரியவில்லை. அது அவனுக்கே பயமாக இருந்தது. கழியை நீட்டினான்.

“நீங்களே அளங்க சாமி. என்ன சொன்னாலும் கேட்கறேன்.”

குரு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“நீ போகக்கூடாதுன்னு எனக்கு ஆசை. நான் அளந்தா முழங்கால் தண்ணியும் மூணு ஆளாத் தெரியும். ஊருக்குள்ள போ. அவளையும் தெரியாத, உன்னையும் தெரியாத ஒருத்தனைக் கூட்டிட்டு வா.”