மூத்த மாமனுக்கு ஒரு டிவி

கோவில்பட்டி கல்யாண மண்டபத்தில் பொண்ணுக்குத் தாய்மாமன்கள் ரெண்டு பேர். மூத்தவர் சங்கிலிப்பாண்டிக்குத் தம்பி ஆவுடைக்கண்ணைக் கண்டாலே வயிறு எரியும்.

வீடியோ மிக்ஸர் முன்னால் மெர்சி உட்கார்ந்திருந்தாள். மூணு கேமராவில் எது பெரிய திரைக்குப் போகும் என்பது அவள் விரலில் இருந்தது. சங்கிலிப்பாண்டி அவளிடம் போய் நின்றார்.

“ஏ பிள்ள, திரையில என் மூஞ்சிதான் தெரியணும். தம்பி தலை தெரிஞ்சுது, வயரை அத்துருவேன்.”

பொண்ணோட அப்பாவோ, “ரெண்டு மச்சானும் ஒண்ணுபோல வரணும்மா” என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

மெர்சி மேடையில் சங்கிலிப்பாண்டியின் காலடியில் ஒரு சின்ன டிவியை வைத்தாள். “நீங்களே பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. இதுல உங்களைத் தவிர யாரும் வர மாட்டாங்க.”

வரவும் இல்லை. பெரிய திரை முதுகுக்குப் பின்னால் ஓட, அண்ணாச்சி டிவியில் தன்னையே பார்த்து மீசையை முறுக்கினார். பொண்ணுக்குத் தம்பி மாலை போட்டபோதும் டிவியில் இவர்தான். மண்டபம் ஒருமுறை கொல்லென்று சிரித்தது. தம்பியைப் பார்த்துத்தான் என்று நினைத்துக் குளிர்ந்துபோனார்.

பந்தியில் தம்பியைச் சீண்டினார். “ஏலே, ஒருக்காவது உன் மூஞ்சி வந்துச்சா?”

“மாலை போட்டதெல்லாம் வந்துச்சுண்ணே. நடுவுல நீ மீசை முறுக்குனதும் வந்துச்சு. அதுக்குத்தான அம்புட்டு சிரிப்பு!”

எச்சில் கையோடு மெர்சியிடம் ஓடினார்.

“அது பிரிவியூ டிவி அண்ணாச்சி. அடுத்து திரைக்கு வரப்போறவரைக் காட்டும்,” என்றாள் அவள். “கல்யாணம் முடியுற வரைக்கும் அடுத்த ஆளு நீங்கதான்.”