மௌனசாமியின் தாடை

தில்லைநாயகத்தின் தாடை பூட்டிக்கொண்டது. ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் வாய் திறந்தது.

மனிதர் ஓய்வுபெற்ற தாசில்தார். பிடிவாதக்காரர். ஓராண்டு மௌன விரதம் இருந்தால் தீட்சை தருவதாக மடத்துக் குரு சொல்லியிருந்தார். முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். அதற்குள் இது.

குருவே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"தாடை மூட்டு தேய்ஞ்சிருக்கு. எலும்புக்குள்ள மஜ்ஜையிலயும் மாற்றம் தெரியுது. அப்படி எதைக் கடிக்கிறார்?"

"மடத்தில் கஞ்சியும் ரசமும்தான். கடிக்க ஒன்றும் கிடையாது."

"அப்போ பல்லைத்தான் கடிக்கிறார். தேய்ஞ்சது திரும்பாது. கடிக்கிறதை நிறுத்தினா வலி குறையும்."

பல்லுக்கு ஓர் உறை கொடுத்து அனுப்பினார்.

மறுநாள் குரு பந்தியில் வந்து உட்கார்ந்தார். அவருக்கு எப்போதும் தனி அறையில் உப்பில்லாச் சாப்பாடு. பந்திப் பக்கம் வந்ததே இல்லை.

சமையல்கார வடிவாம்பாள் கஞ்சி ஊற்றினாள். தில்லைநாயகம் ஒரு மிடறு குடித்தார்.

"உப்பு போதுமா சாமி?"

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முறைத்தார்.

"போதலையாக்கும்" என்று இன்னும் கொஞ்சம் அள்ளிப் போட்டாள்.

"தினமும் இப்படித்தானா?" என்றார் குரு.

"தினமும்தான். எவ்வளவு போட்டாலும் இந்த மனுசருக்குப் பத்தல."

குரு திரும்பினார். "ஓய், அவளுக்குப் பதில் சொல்லும்."

தில்லைநாயகம் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார்.

"சொல்லும் என்கிறேன்!"

"உ... உப்பு கரிக்குது!"

வடிவாம்பாள் கரண்டியைக் கீழே போட்டாள். "அட பாவி மனுசா! கையை ஆட்டியிருந்தா போதுமே. விரதம் வாய்க்கா, கைக்குமா?"

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தில்லைநாயகத்துக்கும் வந்துவிட்டது. வாய் இரண்டு விரல் அளவு திறந்தது. வலித்தது. இருந்தும் சிரித்தார்.

சட்டென்று முகம் வாடியது.

"விரதம் போச்சே சாமி! இத்தனை நாள் ஒரு சொல் பேசலையே!"

"மனதுக்குள் இவளைத் திட்டினீரா?"

"திட்டாத வேளை இல்லை."

"இப்போது?"

தில்லைநாயகம் உள்ளே தேடிப் பார்த்தார். சத்தமே இல்லை.

"அப்போ... என் தீட்சை?"

"கிடைத்துவிட்டதே."

"எப்போ? யார் கொடுத்தது?"

குரு எழுந்து கை கழுவப் போனார். போகிற போக்கில் சொன்னார்:

"வடிவாம்பாள்."