தளபதியின் முகபாவம்

"குருவே, எங்க பெரிய தளபதிக்கு முகம் பார்த்துப் புரிஞ்சுக்கவே தெரியல" என்று குறைப்பட்டுக்கொண்டார் தளபதி சகாகிதா.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. சகாகிதாவின் ஜப்பானியப் படை ஒரு மலைக்காட்டில் மாட்டிக்கொண்டிருந்தது. மழை நின்றபாடில்லை. அரிசி தீர்ந்துவிட்டது. சிப்பாய்கள் புல்லை வேகவைத்துத் தின்றார்கள், பாவம்.

படையோடு வந்திருந்த ஜென் துறவி தெஷ்ஷின்தான் அவருக்குக் குரு. அவருடைய கூடாரத்துக்குத்தான் தளபதி வந்திருந்தார்.

"என்ன நடந்தது?" என்றார் குரு.

"பெரிய தளபதி முராசே நேரிலேயே வந்தார். ரெண்டு நாள் என் கூடாரத்துல தங்கினார்."

"ரெண்டு பேரும் பேசினீங்களா?"

"நிறைய. மழை, கொசு, அவர் பேத்திக்குப் பல் முளைச்சது..."

"பின்வாங்கணும்னு சொன்னியா?"

தளபதி பதறிப்போனார். "அதை நான் சொல்றதா? எங்க பட்டாளத்துல அந்தப் பேச்சை யார் முதல்ல எடுத்தாலும் அவர் மானம் கப்பலேறிடும்!"

"அப்போ என்னதான் பண்ணினே?"

"முகத்துல காட்டினேன். புருவத்தை இப்படி. உதட்டை இப்படி."

செய்தும் காட்டினார். பல்வலிக்காரர் போல இருந்தது.

"அவர்?"

"தேநீரைக் குடிச்சுட்டு வண்டி ஏறிட்டார்."

தளபதி இன்னும் நெருங்கி உட்கார்ந்தார். "நாளைக்கு விடிஞ்சா தாக்குதல், குருவே. எட்டாயிரம் பேர். பாதிப் பேருக்கு எழுந்து நிக்கவே தெம்பில்ல. அதான் உங்ககிட்ட வந்தேன். மனசுல இருக்கிறதை முகத்தாலேயே ஒருத்தருக்குப் புரியவைக்கிறது எப்படி?"

குரு, கரி கனன்றுகொண்டிருந்த கணப்புச் சட்டியைத் தளபதியின் பக்கம் நகர்த்தினார்.

கரி வெடித்தது. ஒரு கங்கு தெறித்துத் தளபதியின் நீள மேல்கோட்டில் விழுந்தது.

குரு அதைப் பார்த்தார். கண்களை அகல விரித்தார்.

ஆழ்ந்த உபதேசம் ஆரம்பித்துவிட்டது என்று தளபதி தலைவணங்கினார்.

குரு கன்னத்தை உப்பினார். வாயை ஒருபக்கமாகக் கோணினார்.

தளபதிக்கு மெய்சிலிர்த்தது. கண்களை மூடித் தியானத்தில் உட்கார்ந்தார்.

புகை வந்தது. ஊதுபத்தி என்று நினைத்துக்கொண்டார்.

அப்புறம் சுட்டது.

"ஐயோ, எரியுதே!"

ஒரே பாய்ச்சலில் வெளியே போய்ச் சேற்றுத் தண்ணீரில் உட்கார்ந்தார். 'சுர்' என்று சத்தம் வந்தது.

"குருவே! பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

குரு கன்னத்தைத் தடவிக்கொண்டார். "எவ்வளவு பாடுபட்டேன்! தாடையே விட்டுப்போச்சு."

தளபதி மழையில் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, கோட்டின் ஓட்டையைக் கையால் மூடிக்கொண்டு, தொலைபேசிக் கூடாரத்துக்கு ஓடினார்.

பெரிய தளபதி எடுத்தார்.

"பின்வாங்கணும்!" என்று கத்தினார் சகாகிதா. "எட்டாயிரம் பேரையும் உயிரோட திரும்பக் கூட்டிட்டுப் போகணும். உத்தரவு கொடுங்க!"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"கூட்டிட்டு வாங்க சகாகிதா, அத்தனை பேரையும் கூட்டிட்டு வாங்க" என்றார் முராசே. "அதைச் சொல்லத்தானேய்யா நான் அவ்வளவு தூரம் வந்தேன்!"