தவிட்டுக்குருவி ஏன் கத்திக்கொண்டே சாப்பிடுகிறது

அந்தக் காலத்தில், மைனாவும் மனிதனும் ஒரே பேச்சில் வம்பளந்துகொண்டிருந்தபோது, சத்தமே போடாத பறவை எது என்று கேட்டால் எல்லோரும் தவிட்டுக்குருவியைத்தான் காட்டுவார்கள். இன்றைக்கு வேலிப் பக்கம் போனால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. அன்றைக்கோ, அவை இரை தின்னும்போது சருகு நகரும் சத்தம்தான் கேட்கும்.

அதற்குக் காரணம் கருத்தமுத்து. வேலங்காட்டுத் தவிட்டுக்குருவிக் குடும்பத்தில் அவர் தாய்மாமன். எதைச் சொல்வதற்கு முன்னும் “க்ர்ரும்” என்று ஒரு கனைப்பு.

“க்ர்ரும். வாயில் இரையை வைத்துக்கொண்டு பேசினால் நாம் என்ன காக்கையா?”

“யோவ், என்ன சொன்னே?” என்று பக்கத்து மரத்துக் காகம் கேட்கும். அவர் பதில் சொல்ல மாட்டார். அப்போது அவர் வாயில் இரை இருக்கும்.

அந்தக் குடும்பத்தில் ஏழு பேர். அம்மா செவனம்மா, அப்பா தவசி, அம்மாவின் அண்ணன் கருத்தமுத்து, அப்பாவின் தங்கை சீனித்தாயி, இரண்டு பெரிய பிள்ளைகள், கடைக்குட்டி சுள்ளான். சாப்பாட்டு நேரம் வந்தால் ஆளுக்கொரு புதர். முதுகைத் திருப்பிக்கொண்டு தின்றுவிட்டு, அலகைத் துடைத்துக்கொண்டு வருவார்கள். யார் என்ன தின்றார் என்று யாருக்கும் தெரியாது. கேட்பதும் இல்லை.

செவனம்மாவின் கவலையெல்லாம் சுள்ளானைப் பற்றித்தான். அவனோடு பொரித்த அக்கம்பக்கத்துக் குஞ்சுகளெல்லாம் வைகாசியிலேயே மரம் விட்டு மரம் பறந்தன. ஆடிக் காற்று வீசத் தொடங்கிவிட்டது. சுள்ளான் இன்னும் தத்திக்கொண்டிருந்தான். வயிறு மட்டும் உருண்டையாக இருந்தது. சிறகு இருக்க வேண்டிய இடத்தில் தேய்ந்த துடைப்பம் போல நாலு குச்சி.

“ஒரு வாய்டா, கண்ணு” என்று வெட்டுக்கிளியை நீட்டுவாள்.

“வேணாம்.”

“காலை மட்டுமாவது தின்னு.”

“கால் குத்தும்.”

“அப்போ தலையை?”

“அது என்னையே பார்க்குது.”

இப்படியே மூன்று வேளையும். அவன் அலகு இறுக மூடிக்கொள்ளும். ‘ஒண்ணுமே திங்கலையே’ என்று அவள் வெட்டுக்கிளியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவாள்.

போதாததற்கு ஒருநாள் காலையில் எதிர்ப் பனைமரத்தில் ஒரு வல்லூறு வந்து குடியேறியது. சிவந்த கண். பேச்சு மட்டும் தேன்.

“அம்மணி, சின்னவர் சுகம்தானே? நேற்றுப் பார்த்தேன். நல்ல வாட்டசாட்டம். பறக்க மட்டும் வரவில்லை போலிருக்கிறது. அவசரப்படுத்தாதீர்கள், பாவம். குழந்தை மெதுவாகவே கற்றுக்கொள்ளட்டும்.”

செவனம்மாவுக்கு உடம்பெல்லாம் இறகு சிலிர்த்துக்கொண்டது. அன்றே கொண்டை வைத்த கொண்டலாத்தி வைத்தியரைக் கூட்டி வந்தாள். அவருக்கு நாலு வார்த்தைக்கு ஒருமுறை விக்கல் மாதிரி ‘ஊப்’ என்று வந்துவிடும்.

“எத்தனை நாளாக, ஊப், பசியில்லை?”

“முட்டையை விட்டு வந்ததிலிருந்தே, வைத்தியரே. பச்சைத் தண்ணி பல்லில் படலை.”

“பல் எங்கே இருக்கிறது அவனுக்கு, ஊப்?”

“ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.”

வைத்தியர் நீண்ட அலகால் சுள்ளானின் வயிற்றைத் தட்டினார். டொப். இன்னொரு பக்கம் தட்டினார். டொப். பிறகு அவன் உட்கார்ந்திருந்த கிளைக்குக் கீழே போய்த் தரையைப் பார்த்தார். அங்கே எச்சம் குவிந்து கிடந்தது. எல்லாம் ஊதா நிறம். நடுநடுவே நாவல் கொட்டை.

“ஒன்றுமே சாப்பிடாத பிள்ளை, ஊப், இவ்வளவையும் எதிலிருந்து செய்தான்?”

சீனித்தாயி அத்தை மட்டும் திடீரென்று வானத்தைப் பார்த்தாள்.

“சீனித்தாயி” என்றாள் செவனம்மா.

“என்ன மதினி?”

“இங்கே பாரு.”

“ஒண்ணே ஒண்ணுதான் மதினி. காலையிலே ஒரு நாவப்பழம். புள்ளை முகம் வாடியிருந்துச்சு.”

“நான் உச்சி வேளையில் ஒரு ஈச்சம்பழம் கொடுத்தேன்” என்றார் தவசி மெல்ல. “ஒன்றுதானே என்று...”

பெரிய பிள்ளைகள் இருவரும் ஒருவரையொருவர் காட்டினார்கள். எல்லோரும் கருத்தமுத்துவைப் பார்த்தார்கள்.

“க்ர்ரும். தாய்மாமன் வெறுங்கையோடு வர முடியுமா? ஆலம்பழம். இரண்டு. சில நாளில் மூன்று.”

செவனம்மா வாய் திறந்தாள். திட்டத்தான் திறந்தாள். ஆனால் வேறு வார்த்தை வந்தது.

“ராத்திரி வெறும் வயித்தோட படுக்கக் கூடாதேன்னு... நானும் ஒண்ணு கொடுப்பேன்.”

சுள்ளான் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். பொந்தில் ஒளித்து வைத்ததை யாரோ எடுத்துவிட்ட மாதிரி இருந்தது அவனுக்கு.

“பழத்தில் ஒரு குற்றமும் இல்லை” என்றார் வைத்தியர். இதைச் சொல்லும்போது ஊப் வரவில்லை. அதனாலேயே எல்லோருக்கும் பயமாகிவிட்டது. “வயிறு முழுக்க அதுவே இருந்தால் புழுவுக்கு இடம் எங்கே? இறகு முளைப்பது புழுவிலும் கரையானிலும்தான். இன்னும் பத்து நாள். அதற்குள் இவனுக்குச் சிறகு வராவிட்டால், அந்தப் பனைமரத்துக்காரர் அதற்கு மேல் காத்திருக்க மாட்டார். வேளைக்கு இரை. இடையில் எதுவும் இல்லை. பழம் கடைசியில், ஒன்று. இரையையும் இவனே தரையைக் கிளறி எடுக்க வேண்டும். கிளறினால்தான் பசிக்கும்.”

“தரையிலா?” என்றாள் செவனம்மா. “தலையைக் குனிஞ்சு கிளறிக்கிட்டிருக்கும்போது அது மேலேருந்து வந்தா?”

வைத்தியர் பனைமரத்தைப் பார்த்தார். கொண்டையை ஒருமுறை விரித்து மூடினார். “அதற்கு, ஊப், என்னிடம் மருந்து இல்லை” என்று சொல்லிவிட்டுப் பறந்துவிட்டார்.

கிளற விட்டால் வல்லூறு கொத்திக்கொண்டு போகும். கிளற விடாவிட்டால் சிறகு வராது, அப்போதும் வல்லூறுதான். அன்று மாலை முழுவதும் செவனம்மா இதையே இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தாள். எந்தப் பக்கம் புரட்டினாலும் சிவந்த கண்தான் தெரிந்தது.

மறுநாள் விடிந்ததும் சொல்லிவிட்டாள். “இனிமே ஆளுக்கொரு புதர் கிடையாது. எல்லாரும் ஒரே இடத்திலே இறங்குங்க. நான் கிளையிலே உட்காந்து பனைமரத்தைப் பார்த்துக்கிறேன்.”

“நான் உட்காருகிறேனே” என்றார் தவசி.

“உங்களுக்கு வல்லூறு எது, புறா எதுன்னு தெரியாது. போன வாரம் புறாவைப் பார்த்துப் புதருக்குள்ளே பூந்துக்கிட்டீங்க.”

“அது கொஞ்சம் பெரிய புறா.”

“இன்னொண்ணு. யார் என்ன எடுத்தாலும் வாய்விட்டுச் சொல்லணும். சுள்ளான் வாயிலே எது போனாலும் எனக்கு மேலே கேக்கணும். ஒளிச்சுக் கொடுக்கிற வேலையே ஆகாது.”

“க்ர்ரும்! சாப்பிடும்போதா பேசுவது? நம் குடும்பத்தில்...”

“அண்ணே, நம்ம குடும்பத்திலே நாளைக்கு எத்தனை பேர் இருப்பாங்கன்னு எனக்குத் தெரியலை.”

கருத்தமுத்து அடுத்த கனைப்பை விழுங்கிவிட்டார்.

முதல் நாள் சுள்ளான் அழுதான். ஒரு நாவல் இலையைக் கிழித்துத் தின்ன முயன்றான். அத்தையின் பின்னாலேயே தத்தித் தத்திப் போனான். “அத்தை, ஒண்ணே ஒண்ணு.” சீனித்தாயி கண்ணை மூடிக்கொண்டு, “கரையான்!” என்று கத்திவிட்டுக் கரையானைத் தின்றாள். இரண்டாம் நாள் நடுப்பகலில், வேறு வழியில்லாமல், சுள்ளான் ஒரு சருகைப் புரட்டினான். அடியில் ஒரு கரையான் ஓடியது. கொத்தினான்.

“க... கரையான்!” என்றான், அது தன் குற்றம் போல.

“கரையானாம்!” “சுள்ளானுக்குக் கரையானாம்!” “க்ர்ரும். எனக்கு ஒரு வண்டு.” கருத்தமுத்து முதலில் இதைக் காதோடு காதாகத்தான் சொன்னார். நாலாம் நாள் ஊருக்கே கேட்கும்படி, “வண்டு! பெரிய வண்டு! கொம்பு வைத்த வண்டு!” என்றார். பிடித்துப்போய்விட்டது அவருக்கு.

“இது என்ன, வீட்டில் விசேஷமா?” என்று மைனா வந்து விசாரித்தது. காகம் மட்டும் கருத்தமுத்துவை நிதானமாகப் பார்த்து, “நல்லா இருக்கீங்களா, காக்கையாரே?” என்றது.

கீழே சத்தம் கூடக் கூட, மேலே செவனம்மாவுக்குக் கழுத்து நோவெடுத்தது. பனைமரம், சுள்ளான், பனைமரம், சுள்ளான். கண் வேறு எங்கும் போகவில்லை. பொழுது சாய்ந்து மற்றவர்கள் கூட்டுக்குப் போன பிறகு அகப்பட்டதைக் கொத்திக்கொள்வாள். பல நாள் ஒன்றும் அகப்படாது. ஏழாம் நாள் வல்லூறு பனையிலிருந்து இறங்கி, அவள் உட்கார்ந்திருந்த வேலமரத்துக்குப் பக்கத்துப் பனைக்கு மாறியது.

“சின்னவருக்கு இறகு முளைக்கிறது போலிருக்கிறதே” என்றது. “சந்தோஷம், அம்மணி. நீங்கள்தான் இளைத்துவிட்டீர்கள். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வாருங்களேன். நான் பார்த்துக்கொள்கிறேன்.”

அவள் அதன் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சிமிட்டவும் இல்லை.

ஒன்பதாம் நாள் காலையில் சுள்ளானின் சிறகில் உண்மையாகவே இறகு விரிந்திருந்தது. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கிளறினான். கிளறும்போது மேலே பார்த்தான்.

“அத்தை, அம்மா ஏன் ‘கரையான்’ சொல்லவே மாட்டேங்குது?”

“அவ மேலே இருக்காடா. அப்புறமாச் சாப்பிடுவா.”

“அப்புறம்னா எப்போ?”

சீனித்தாயி தவசியைப் பார்த்தாள். தவசி பிள்ளைகளைப் பார்த்தார். ஒன்பது நாளாக எல்லோரும் எல்லாவற்றையும் சொன்னார்கள். இதை மட்டும் ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

சுள்ளான் ஒரு பெரிய சருகைப் புரட்டினான். அடியில் பச்சைப் புழு ஒன்று, அவன் அலகை விட நீளம். அவன் அதைத் தின்னவில்லை. வாயில் கவ்விக்கொண்டான். வாய் நிறைந்திருந்ததால் பெயரும் சொல்லவில்லை. கல்லின் மேல் தத்தினான். கல்லிலிருந்து அடிக்கிளைக்கு. அடிக்கிளையிலிருந்து அம்மா இருந்த கிளைக்கு. மறைவே இல்லாத மொட்டைக் கிளை அது.

செவனம்மா அவனைப் பார்த்தாள். ‘இறங்குடா’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். திறந்த வாயில் அவன் புழுவை வைத்துவிட்டான்.

ஒன்பது நாள் பசி. புழு தொண்டைக்கு வரும் ருசியில் அவள் கண் ஒரு கணம், ஒரே ஒரு கணம், தானாக மூடியது. திறந்தபோது பனைமரம் காலியாக இருந்தது.

அவள் புழுவைத் துப்பினாள்.

“கீயாஆஆச்!”

கீழே கருத்தமுத்துவின் வாயில் கொம்பு வைத்த வண்டு இருந்தது. அது தெறித்து விழ, “வர்றான்டா! மேலே வர்றான்டா!” என்று அலறினார். கனைப்புக்கெல்லாம் நேரமில்லை. ஓடி ஒளிவதற்கு ஆளுக்கொரு புதர் இருந்தது. ஒருவரும் புதருக்குப் போகவில்லை. ஐந்து பேரும் ஒரே கொத்தாக மேலே எழும்பினார்கள். “கீச்! கீச்! கீயாச்!” வல்லூறின் முகத்துக்கு நேரே ஐந்து வாய், பக்கத்தில் செவனம்மாவின் வாய், எல்லாம் திறந்த வாய். எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று அதற்குத் தெரியவில்லை. விரித்த நகம் தடுமாறியது. சுள்ளான் கிளையிலிருந்து விழுந்தான்.

விழுந்தவன் தரைக்கு வரவில்லை. சிறகு விரிந்து காற்றைப் பிடித்தது. கோணலாக, தலைகீழாக, ஆனாலும் பறந்து, முள் அடர்ந்த இலந்தைப் புதருக்குள் போய்ப் புகுந்துகொண்டான்.

வல்லூறின் நகத்தில் செவனம்மாவின் வால் இறகு இரண்டு மிஞ்சியது. அது பனைமரத்துக்குத் திரும்பிப் போய், இறகைக் கீழே போட்டு, உடம்பைச் சிலிர்த்துக்கொண்டது.

“சாப்பாட்டு நேரத்தில் இப்படியா கத்துவது? ஒரு மரியாதை வேண்டாம்?” என்றது. அன்று மத்தியானமே வேறு ஊர்ப் பனைக்குப் போய்விட்டது.

சுள்ளானை முள்ளுக்குள்ளிருந்து கூப்பிட்டு எடுக்க நெடுநேரம் ஆயிற்று. வெளியே வந்தபோது அவன் வாயில் ஒரு சின்ன வெட்டுக்கிளி இருந்தது. நேராக அம்மாவிடம் போனான். அவள் வாயைத் திறக்காமல் பனைமரத்தையே பார்த்தாள்.

“நான் மேலே உட்காருறேன் செவனம்மா” என்றார் தவசி. “நீ முதல்லே சாப்பிடு. வல்லூறு எதுன்னு இப்போ நல்லாத் தெரிஞ்சுபோச்சு.”

அன்று முதல்தான் தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாகச் சேர்ந்து ஒரே இடத்தில் இறங்குகின்றன. கொத்துகிற ஒவ்வொன்றுக்கும் கத்துகின்றன. ஒன்று மட்டும் கிளையில் பசியோடு உட்கார்ந்து காவல் காக்கிறது. சற்று நேரத்தில் கீழிருந்து இன்னொன்று அதன் இடத்துக்கு வரும். வரும்போது வாயில் ஓர் இரை இருக்கும். ஆனால் காவல் குருவி உடனே வாயைத் திறப்பதில்லை. இடப்பக்கம் பார்க்கும், வலப்பக்கம் பார்க்கும், மேலே நன்றாகப் பார்க்கும். அதற்குப் பிறகுதான் வாங்கிக்கொள்ளும்.